மூன்றாம் ஓலைக்கு முன்

என் மகன் பிரகாசத்துக்கு,

பெண் வீட்டாரின் சாதி பிடிக்காமல் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய உன் கலியாண ஓலையை நான் நிறுத்திவிட்டேன் என்று விழுப்புரத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். திண்டிவனத்தில் உன் காதுக்கும் அது வந்து சேர்ந்திருக்கும். ஓலையை நிறுத்தியது நான்தான். காரணம் அதுவல்ல. போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது உபதேசியார் மனைவி எனக்கு முன்னால் நடந்துகொண்டே பக்கத்தில் வந்தவளிடம் சொன்னாள்: "கான்வெண்டு படிச்ச அம்மாவாச்சே, கண்டமங்கலத்துல கேப்பக்களி துன்ற ஊட்டுப் பொண்ண எடுப்பாங்களா? அதான் சாமியாராண்ட போய் ஓலைய நிறுத்திக்கினு வந்துட்டாங்க." நான் பின்னால் வருவது அவளுக்குத் தெரியாது. "கேப்பைக்களி என் வீட்டிலும் வாரம் மூன்று நாள் கிண்டுகிறேன், சூசையம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவளைத் தாண்டி நடந்தேன். மீதியை உனக்கு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஒட்டவில்லை. இதில் ஒரு படி உனக்குப் பேசிய ஜெயராணிக்கும் ஒரு படி நம் பங்குச் சாமியாருக்கும் போகிறது. ஊர் வெளிப்படையாகப் பேசும்போது நான் மட்டும் உறைக்குள் வைத்துப் பேசுவானேன்?

சாதி பற்றி என் மனதில் ஒன்றுமே ஓடவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். நீ முதலில் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னபோது இரண்டு நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்கே வெட்கமாக இருந்தது. அதோடு அது முடிந்தது. கண்டமங்கலத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் பெண் கேட்டவளும் நானே.

நான் சாமியாரிடம் போனதற்குக் காரணம், இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறன்று சாப்பிடும்போது நீ சொன்ன ஒரு வார்த்தை. உனக்கு அது நினைவில் இருக்குமோ என்னவோ. கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளையையும் பெண்ணையும் சாமியார் தனித்தனியாக விசாரிப்பாரே, அதில் என்ன கேட்டார் என்று நான் கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "சுவிசேஷ புஸ்தகத்து மேல கை வெச்சு, திருச்சபை சொல்றது எல்லாத்தையும் விசுவசிக்கிறியான்னாரு. ஆமா சாமின்னேன். கையெழுத்தும் போட்டாச்சு." "நீ விசுவசிக்கிறியா?" என்றேன். "என்னம்மா, தெரியாத மாதிரி கேக்கறீங்க. உங்களுக்கு நிம்மதி, ஜெயராணி வீட்டுக்கும் நிம்மதி. நான் நம்பாத ஒரு புஸ்தகத்து மேல கை வெச்சு நம்பாத ஒரு வார்த்தையச் சொன்னா யாருக்கு என்னம்மா கொறஞ்சு போச்சு?" என்று சொல்லி ரசத்தை ஊற்றிக்கொண்டாய். பிறகு சொன்னாய்: "அப்பாவுக்காக நீங்க சொல்லலையா?"

பத்து வருஷம் அதை நீ வாயைத் திறந்து சொன்னதில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குக் கோபித்துக்கொண்டு தப்பியிருப்பேன். நீ அன்பாகச் சொன்னாய். தாய் செய்த ஒரு நல்ல காரியத்தை மகனும் செய்துவிட்டு வந்து சொல்வதுபோலச் சொன்னாய். என்னால் அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை. வெயில் என்று சொல்லி எழுந்துபோனேன்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். திண்டிவனத்தில் அவர் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தபோது உனக்கு ஆறு வயது. அப்போதெல்லாம் மருந்தை மிக்ஸ்சராகக் கலந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார்கள். எத்தனை வேளைக்கு என்று காட்ட, ஓரத்தில் பல்பல்லாக வெட்டிய ஒரு காகிதத்தைப் பாட்டிலின் பக்கத்தில் நெடுக ஒட்டுவார்கள். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் உள்ளது ஒரு வேளை மருந்து. படிக்கத் தெரியாதவர்களும் அதைப் பார்த்துக் குடித்துக்கொள்ளலாம். அந்தக் காகிதங்களை வீட்டில் வெட்டித் தந்தவள் நான். கான்வெண்டில் தையல் சொல்லிக்கொடுத்த மதர், நாங்கள் தைத்த துணியின் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் மார்க் போடுவார். அந்தக் கையால் வெட்டியது. ஒரு காகிதம் கோணலாக இருந்ததில்லை. இருபது இருபதாக அடுக்கி, மேலே ஒரு சீட்டில் 4 அல்லது 8 என்று எழுதி நூலால் கட்டி வைப்பேன். அப்பா கட்டாக எடுத்துப்போவார்.

ஒரு நாள் கோயிலில் நவநாள் செபத்துக்கு நேரமாகிவிட்டதென்று அவசரமாகக் கட்டினேன். மறுநாள் பகல் இரண்டரை மணிக்கு மரப்பெட்டியைத் திறந்தபோது எட்டு வேளைக் கட்டு உள்ளேயே இருந்தது. 8 என்று எழுதிய சீட்டை நாலு வேளைக் கட்டின்மேல் வைத்துக் கட்டிவிட்டேன் என்று அந்த நிமிஷமே புரிந்தது. அந்தக் காகிதம் ஒட்டிய பாட்டிலை வாங்கிப்போனவர்கள் ஒவ்வொரு வேளையும் இரண்டு மடங்கு குடிப்பார்கள். அப்பா மதியச் சாப்பாடு முடித்து அடுத்த அறையில் படுத்திருந்தார். ஐந்து அடி நடந்து அவரை எழுப்பியிருக்க வேண்டும். நான் மாதா படத்தின் முன் முழங்கால் போட்டு ஐம்பத்துமூன்று மணி செபமாலையை முழுவதும் சொன்னேன். யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று அழுது கேட்டேன். மூன்றரை மணிக்கு அவர் தானே எழுந்து சட்டை மாட்டும்போதுதான் சொன்னேன்.

"எப்பப் பாத்தே?" என்றார்.

"இப்பத்தான்" என்றேன்.

காலையில் எடுத்துப்போன கட்டு அவர் பையிலேயே இருந்தது; அதை எடுத்து எண்ணினார். பத்தொன்பது இருந்தது. ஒரே ஒரு பாட்டில்தான் போயிருக்கிறது, வல்லத்திலிருந்து வந்த ஒரு விவசாயியின் மனைவிக்கு இருமல் மருந்து, தூக்கம் வருகிற மருந்து என்று அவருக்கு நினைவு வந்தது. சைக்கிளை வெளியே உருட்டினார். பத்துப் பன்னிரண்டு மைல். நான் தடுத்தேன். ஒன்றும் ஆகியிருக்காது, நான் இன்னும் ஒரு செபமாலை சொல்கிறேன், நீங்களே போய்ச் சொன்னால் வேலை போய்விடும் என்றேன். அவர் பின்சக்கரத்தை அமுக்கிக் காற்றுப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ செபமாலை சொல்லு. நான் சைக்கிள மிதிக்கறேன். எது முன்னால போய்ச் சேருதோ சேரட்டும்."

அந்தம்மா இரண்டு வேளை குடித்துவிட்டு அசந்து கிடந்தார்களாம். உன் அப்பா கூடவே உட்கார்ந்து எழுப்பி எழுப்பிக் கடுங்காப்பி கொடுத்து, மறுநாள் காலையில் அவர்கள் எழுந்து பல் விளக்கிய பிறகுதான் திரும்பினார். அந்த வல்லத்துக்காரர் அறுவடைக்குப் பிறகு ஒரு மூட்டை மல்லாட்டையோடு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "நான் கேட்டேம்மா, இன்னா சார், யாருக்குமே தெரியாதே, நீங்களே வந்து சொல்லிக்கினு இருக்கீங்களே, உங்களுக்கு பேஜாரு ஆவாதான்னு. அதுக்கு அவரு, எனக்குத் தெரியுதேப்பான்னாரு. அவ்ளோதான். வேற ஒண்ணும் சொல்லல."

ஊர் திரும்பியதும் நேரே டாக்டரிடம் போய்ச் சொன்னார். காகிதம் கட்டினது யார் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "ஒட்டினவன் நான். எண்ணிப் பாக்காம ஒட்டினேன்" என்றாராம். டாக்டர் சத்தம் போடவில்லை. ஒரு மாதத்தில் வேறு கம்பவுண்டரை வைத்துக்கொண்டார். நாம் விழுப்புரத்துக்கு வந்தது அப்படித்தான். உன் அப்பா கோயிலுக்கு வராதவர், ஞாயிற்றுக்கிழமை என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் பேப்பர் படிக்கிறவர் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் நாஸ்திகம் பேசி டாக்டரைப் பகைத்துக்கொண்டார், வேலை போய்விட்டது என்று கோயில் பெண்கள் சொன்னார்கள். எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். நான் மறுக்கவில்லை. அந்தப் பரிதாபத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். இன்று என்னைப் பற்றித் தவறாகச் சொல்கிறார்கள் என்று எழுதுகிற கைக்கு அன்று அவரைப் பற்றித் தவறாகச் சொன்னதைத் திருத்த வரவில்லை.

'இப்பத்தான்' என்று நான் சொன்னது பொய் என்பதை மட்டும் அந்தச் சனிக்கிழமை கோயில் கூண்டில் முழங்கால் போட்டுப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார் சாமியார். சொன்னேன். மனது லேசாகிவிட்டது. உன் அப்பாவிடம் அவர் இருந்தவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை, பிரகாசம். சர்வேசுரனிடம் சொல்லியாகிவிட்டது, கணக்கு முடிந்தது என்று இருந்தேன். பாவசங்கீர்த்தனத்தைக் குறை சொல்வதாக நினைக்காதே. இன்றைக்கும் நான் சனிக்கிழமை தவறுவதில்லை. ஒருவரிடம் நேரில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதற்கு அந்தக் கூண்டை நான் பயன்படுத்திக்கொண்டேன். தப்பு கூண்டில் இல்லை.

அடுத்தது உனக்குத் தெரிந்தது. நீ பார்த்தது. உனக்குப் பதினாறு வயது. அப்பாவுக்கு இனி ஆகாது என்று டாக்டர் சொன்னதற்கு முந்தின வாரம், நல்ல நினைவோடு, நான் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "கடைசியில சாமியாரக் கூப்பிடாதே. கூப்பிட்டா அவருக்கும் மரியாதையில்ல, எனக்கும் மரியாதையில்ல." சரி என்று தலையாட்டினேன். வாய்ப்பேச்சு நின்ற மறுநாள் காலை ஆள் அனுப்பினேன். அப்போதிருந்த பெரியசாமியார் சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தைப்பூசுதல் எண்ணெயோடு வந்தார். அவருக்கு உன் அப்பாவைத் தெரியும். வாசலிலேயே நின்று கேட்டார்: "அவராகக் கேட்டாரா?" நான் சொன்னேன்: "ஆமா சாமி. நேத்து கேட்டாரு." நீ கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாய். முதல் நாள் விடிவதற்கு முன்பே பேச்சு நின்றுபோனது உனக்குத் தெரியும். என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு சாமியார் உள்ளே வர வழி விட்டு ஒதுங்கினாய்.

ஏன் செய்தேன் என்றால் அவருடைய ஆத்துமத்துக்காக என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி. கோயில் கல்லறையில் அவருக்கு இடம் கிடைக்காது, கன்னியரிடம் படித்தவளின் புருஷன் வேலிக்கு வெளியே கிடக்கிறான் என்பார்கள் என்ற பயம் மீதிப் பாதி. கல்லில் என்ன எழுதுவது என்று கேட்டபோது, 'கடைசித் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்றுச் சமாதானத்தில் மரித்தார்' என்று நானே எழுதிக்கொடுத்தேன். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் அந்த வரிக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறோம், நீயும் நானும்.

வேதம் இருந்தால் நல்ல நடத்தை தானாக வந்துவிடும் என்று உன்னை வளர்த்தேன். பகுத்தறிவு இருந்தால் போதும் என்று நீ திண்டிவனத்தில் பையன்களுக்கு சயன்ஸ் பாடத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறாய். உன் அப்பாவிடம் பகுத்தறிவு இருந்தது. அவர் சைக்கிள் எடுத்தார். அதே பகுத்தறிவு உன்னிடமும் இருக்கிறது. அது உனக்கு யாருக்கு என்ன குறைந்துபோச்சு என்று கேட்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. என் விசுவாசத்தில் ஒரு நாளும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. நான் ஒரு மணி நேரம் ஒரு மனுஷியைக் காக்கவைத்தேன். என்னை விடச் சாதாரணமாகச் செபம் சொல்லும் எத்தனையோ பேர் அப்பாவைப் போலவே சைக்கிள் எடுத்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகையால் இரண்டில் எது உசத்தி என்று உன்னோடு வாதம் செய்ய எனக்கு இனி ஆசையில்லை. இரண்டுமே நமக்குச் சாக்குச் சொல்லித்தர வல்லவை. எனக்கு என் பக்தி தந்த சாக்கும் உனக்கு உன் அறிவு தந்த சாக்கும் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஒரே தையல். நீ புத்தகத்தை நம்பவில்லை, சரி. மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் ஒரு மனுஷர் உட்கார்ந்திருந்தாரே, அவர் உன்னை நம்பினார். பொய் அவரிடம் சொன்னது.

அதனால் அந்தப் புதன்கிழமை சாமியாரைப் பார்க்கப் போனேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருந்தால் அவர் வெளியில் பேச முடியாது, எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். வேண்டுமென்றே சாமியார் பங்களா வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன். "சாமி, என் மகன் விசாரணையில சொன்னது உண்மையில்ல" என்று ஆரம்பித்ததும் இந்தச் சின்னவயசுச் சாமியார் கையைத் தூக்கிவிட்டார். "மத்தவங்க பாவத்த எங்கிட்ட எடுத்துக்கினு வராதீங்கம்மா. உங்களுது ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க." "அதுக்கும்தான் வந்தேன்" என்று உன் அப்பாவின் கடைசி நாளைச் சொன்னேன். உபதேசியார் மனைவி அந்தப் பக்கம் பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது 'ஓலை' என்ற ஒரு வார்த்தைதான் போலிருக்கிறது.  உன் அப்பா இனி அந்தக் கல்லறையில் இருக்கலாமா என்று சாமியாரிடம் கேட்டேன். "அவரத் தோண்டியா எடுக்கப் போறோம்? இருக்கட்டும்மா" என்றார். உன் விஷயத்தில் இவ்வளவுதான் சொன்னார்: மூன்றாம் ஓலையை இப்போது வாசிக்கவில்லை, பையனே வந்து உள்ளதைச் சொல்லட்டும், நம்பிக்கை இல்லை என்றால் அப்படியே எழுதித் தனக்கு மேலிருக்கும் ஆயருக்கு அனுப்பி அனுமதி கேட்கலாம், நாளாகும், கிடைக்காமலும் போகலாம்.

உன்னிடம் முதலில் கேட்காமல் அங்கே போனது தவறு. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். உன் வாயிலிருந்து வரவேண்டியதை நான் எடுத்துக்கொண்டேன். திண்டிவனத்துக்கு ஒரு பஸ் ஏறியிருந்தால் முடிந்திருக்கும். உன் முகத்தைப் பார்த்தால் தைரியம் போய்விடும் என்று பயந்தேன். நீ கோபித்துக்கொண்டு இரண்டு வாரமாக வராமல் இருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு, குறை இல்லை.

ஆனால் வேறொருத்தி வந்தாள். வியாழக்கிழமை ஜெயராணி தனியாகக் கண்டமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவள் அழுவாள், அல்லது சண்டை போடுவாள் என்று நினைத்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தாள். "ஊருல இன்னா சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும் அத்தே. நீங்க சொல்லுங்க" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், 'இப்பத்தான்' உள்பட. அவள் விரல் நகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அவரு சாமி கும்பிட மாட்டாருன்னு எனக்கு மொதல்லயே தெரியும். அவரே சொன்னாரு. கேட்டுக்கினுதான் சரின்னேன். புஸ்தகத்து மேல கை வெச்சு ஆமான்னாருங்கறதுதான் தெரியாது." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "உங்களுக்காக சாமியாராண்ட பொய் சொன்னாரு. நாளைக்கி எனக்காக உங்ககிட்ட சொல்லுவாரு. அப்புறம் ஒரு நாளு, யாருக்காகவாச்சும் எங்கிட்டயும் சிரிச்சிக்கினே சொல்லுவாரா அத்தே?" என்றாள்.

 'சொல்ல மாட்டான்' என்று சொல்லியிருக்கலாம். பெற்றவள் அப்படித்தானே சொல்வாள். வாய் வரை வந்ததை நிறுத்திக்கொண்டு, "எனக்குத் தெரியாதும்மா. அவன்தான் சொல்லணும்" என்றேன். அவள் தலையாட்டினாள். கோயிலில் கலியாணம் நடக்காவிட்டால் அவளுடைய அப்பா ஒத்துக்கொள்வாரா என்று கேட்டேன். "ஒத்துக்க மாட்டாரு. ஆனா அது நான் பேசிக்க வேண்டியது. இது அவரு பேச வேண்டியது" என்றாள். போகும்போது நான் கொடுத்த முறுக்கைப் பையில் போட்டுக்கொண்டு, "கேப்பக்களி துன்ற ஊட்டுக்கு ஒரு நாளு வாங்க அத்தே, நல்லா கிண்டுவேன்" என்று சிரித்தாள். உபதேசியார் மனைவி சொன்னது அவள் ஊர் வரைக்கும் போயிருக்கிறது. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது என்பதையும் எழுதி வைக்கிறேன். அவளும் இதைப் படிக்கட்டும்.

நேற்று கல்லறைக்குப் போனேன். கல் வேலை செய்கிறவரைக் கூட்டிப்போய், உன் அப்பா கல்லில் நான் எழுதிய அந்த ஒரு வரியைக் கொத்தி எடுக்கச் சொன்னேன். "வேற இன்னாம்மா எழுதணும்?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன். பேரும் ஊரும் இருக்கிறது. வரி இருந்த இடம் சொரசொரப்பாக, மற்ற இடத்தை விட வெள்ளையாகத் தெரிகிறது. இந்தக் கல்லறைத் திருநாளில் எல்லோரும் பார்ப்பார்கள், கேட்பார்கள். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வேன். அங்கே நின்று, காகிதக் கட்டு விஷயத்தையும் அந்த ஒரு மணி நேரத்தையும் அவரிடம் சத்தமாகவே சொன்னேன். அவருக்குக் கேட்கும் என்று நான் நம்புகிறேன். நீ நம்ப வேண்டாம். கல்காரருக்குக் கேட்டது, அது நிச்சயம்.

இனி உன் முறை. நீ விசுவசிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அதற்காக நான் செபிப்பதை நீ தடுக்க முடியாது, அவ்வளவுதான். ஆயர் அனுமதி தந்து கோயிலில் நடந்தால் முதல் பெஞ்சில் உட்காருவேன். தராமல் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்தால் அங்கே என் நல்ல புடவையில் வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுவேன். ஊர் என்ன சொன்னாலும் வருவேன். நீ சொன்ன அந்த 'ஆமா சாமி'யை அப்படியே வைத்துக்கொண்டு மூன்றாம் ஓலையை வாசிக்கச் செய்தால் மட்டும் நான் கலியாணத்துக்கு வரமாட்டேன். ஓலை வாசிக்கும் அந்த ஞாயிறு கோயிலில் எழுந்து நின்று தடை சொல்லவும் மாட்டேன். என் பங்கைச் சொல்லியாகிவிட்டது.

ஆகையால் எனக்குப் பதில் எழுது. சனிக்கிழமை பஸ்ஸில் வந்து சாப்பாட்டுக்கு நடுவே சொல்லாதே. நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன், விஷயம் அப்படியே போய்விடும். இரண்டு கேள்விதான். சாமியாரிடம் போய் உள்ளதைச் சொல்வாயா? ஜெயராணி என்னிடம் கேட்டதற்கு நீ என்ன பதில் சொல்கிறாய்? ஆம், இல்லை என்று ஒரு கார்டில் எழுதினால் போதும். இரண்டாவது கேள்விக்கு உன் பதிலை எனக்கு எழுதும் முன் அவளுக்கு எழுது. தபால்காரர் இங்கே பதினொரு மணிக்கு வருகிறார். நான் வீட்டில்தான் இருப்பேன்.

அம்மா